கிராஃபீன், கிராஃபைட்டை ராமன் கருவியில் அளப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதிரி மேல் லேசரை விழவைத்து, திரும்பும் ஒளியின் நிற மாற்றத்தை அளக்கும் ராமன் கருவிக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. மாதிரியோடு வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. முதல் நாள் வருகிறவர் கேட்பதில் தொடங்கி, ஆறு மாதம் அளந்துவிட்டுக் குழம்பி நிற்கிறவர் கேட்பது வரை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அணிக்கோவை அதிர்வு என்கிறீர்களே, உண்மையில் எது அதிர்கிறது?

கார்பன் அணுக்கள்தான். கிராஃபைட்டின் ஓர் அடுக்கில் அணுக்கள் தேன்கூடு போலக் கோத்திருக்கின்றன. அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 0.335 நானோமீட்டர். அந்த அடுக்கில் ஒன்றே ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அது கிராஃபீன். இந்த அணுக்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. அதற்காக ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஆடுவதும் இல்லை. பிணைப்புகள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பதால், சேர்ந்துதான் ஆட முடியும், அதுவும் குறிப்பிட்ட சில தாளங்களில் மட்டும். அந்தக் கூட்டு ஆட்டத்தில் ஒரு குவாண்டம் அளவை ஃபோனான் என்கிறோம்.

தேன்கூட்டின் அடிப்படை அலகில் இரண்டு அணுக்கள் உண்டு. அவை தளத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஆடும் ஆட்டம் நொடிக்குச் சுமார் 47 லட்சம் கோடி முறை நடக்கிறது. ஒரு முறை போய்வர 21 ஃபெம்டோநொடி. கார்பன் எடை குறைந்த அணு, பிணைப்போ மிக விறைப்பானது, அதனால்தான் இந்த வேகம். ஆனால் ஓர் அடுக்கு முழுதாக இன்னோர் அடுக்கின் மேல் சறுக்கி ஆடுவது இதைவிட 36 மடங்கு மெதுவானது. ஒரே பொருளில் இப்படி இரண்டு கோடிகள் இருப்பதுதான் அடுக்குக் கார்பனின் சுவாரசியமே.

அணு ஆடுவதை ஒளி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

ஒரே நிறமுள்ள லேசரை மாதிரி மேல் விழவைக்கிறோம். திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் வரும். கோடியில் ஒன்று என்ற அளவில் சில ஒளித்துகள்கள் மட்டும் ஒரு ஃபோனானை உண்டாக்கிவிட்டு, அந்த ஆற்றலை இழந்து, நிறம் மாறி வரும். 532 நானோமீட்டர் பச்சை லேசரை வைத்தால், முன்சொன்ன எதிர்த்திசை ஆட்டத்தைத் தூண்டிய ஒளி ஏறத்தாழ 581 நானோமீட்டரில், மஞ்சளாக வெளிவரும். எவ்வளவு ஆற்றல் குறைந்தது என்று பார்த்தால் அதுவே அதிர்வின் ஆற்றல்.

1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இந்த நிற மாற்றத்தைத்தான். அதற்காக ராமனுக்கு 1930-இல் நோபல் பரிசு வந்தது.

அதிர்வெண்ணை ஏன் செ.மீ⁻¹ என்று எழுதுகிறீர்கள்?

நிறமாலை அளப்பவர்களின் பழைய வழக்கம். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற எண்ணிக்கை அது. ஆற்றலுக்கு நேர் விகிதத்தில் இருப்பதால் கழித்தல் கணக்கு எளிது. சுமார் 8 செ.மீ⁻¹ என்பது 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று நினைவில் வையுங்கள், போதும். 1580 செ.மீ⁻¹ என்றால் 196 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறக்குறைய 0.2 எலக்ட்ரான் வோல்ட். இந்த 0.2 பின்னால் பல கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும்.

ஜி, டி, 2டி என்று மூன்று முகடு சொல்கிறார்களே, எது எது?

முகடு என்றால் நிறமாலைக் கோடு உயர்ந்து நிற்கும் இடம். ஜி என்பது கிராஃபைட்டின் முதலெழுத்து. 1580 செ.மீ⁻¹ அருகே வரும். முதல் பதிலில் சொன்ன எதிர்த்திசை ஆட்டம் இதுதான். டி என்பது ஒழுங்கின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பச்சை லேசரில் 1350 அருகே வரும், ஆறு அணுக்கள் கொண்ட வளையம் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும் ஆட்டம். 1970-இல் டுயின்ஸ்ட்ராவும் கோனிக்கும் சிறு படிகங்களால் ஆன கிராஃபைட்டில் இதைக் கண்டு, படிக அளவு குறையக் குறைய இது வலுப்பதாகக் காட்டினார்கள். 2டி என்பது டி-யின் இரட்டை, 2700 அருகே வரும். பழைய கட்டுரைகளில் இதற்கே ஜி-பிரைம் என்ற பெயரும் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 2டி என்பதற்கு இருபரிமாணம் என்று பொருள் இல்லை. முப்பரிமாண கிராஃபைட்டிலும் இது நன்றாகவே வரும். இந்தப் பெயரால் வழுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டி வருவதற்குக் குறைபாடு வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் அதன் இரட்டையான 2டி, குறைபாடே இல்லாத கிராஃபீனில் எப்படி வருகிறது?

கேட்க வேண்டிய கேள்வி. பதில் உந்தத்தில் இருக்கிறது. ஒளியின் உந்தம் மிகச் சிறியது. படிகத்தின் உந்த வெளியில் (இடத்துக்குப் பதில் உந்தத்தை அச்சுகளாக வைத்து வரையும் வரைபடம்) மையத்திலிருந்து ஓரத்துக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஒரே ஒரு ஃபோனானை உண்டாக்கும்போது, உந்தம் ஏறக்குறைய பூஜ்யமாக உள்ள ஃபோனானை மட்டுமே உண்டாக்க முடியும். ஜி அப்படிப்பட்டது, அதனால் எப்போதும் வரும். டி ஃபோனானோ உந்த வெளியின் ஓரத்தில், கே என்ற மூலைக்கு அருகில் இருக்கிறது. அந்தப் பெரிய உந்தத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும். ஒரு விடுபட்ட அணுவோ, ஓர் ஓரமோ எலக்ட்ரானைத் தட்டித் திருப்பினால் கணக்கு நேராகும்.

2டி-யில் இரண்டு ஃபோனான்கள் பிறக்கின்றன, ஒன்று இந்தப் பக்கம், மற்றது நேர் எதிர்ப் பக்கம். இரண்டின் உந்தமும் கூட்டினால் பூஜ்யம். குறைபாட்டின் உதவியே தேவையில்லை.

இதில் எலக்ட்ரான் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. லேசர் ஒளி ஓர் எலக்ட்ரானை மேலே ஏற்றுகிறது. அது ஒரு கே மூலையிலிருந்து இன்னொரு கே மூலைக்குத் தாவுகிறது, பிறகு திரும்பி வருகிறது. இந்தப் பயணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உண்மையான எலக்ட்ரான் நிலைகளில் போய் விழுவதால் சமிக்ஞை பெருகுகிறது. இரட்டை ஒத்ததிர்வு என்று இதற்குப் பெயர். 2000-இல் தாம்சனும் ரைஷும் டி முகட்டை இப்படி விளக்கினார்கள்.

பச்சை லேசரை மாற்றி சிவப்பு போட்டேன், டி முகடு நகர்ந்துவிட்டது. கருவி கெட்டுவிட்டதா?

இல்லை, கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. லேசரின் ஆற்றல் மாறினால் அது ஏற்றிவிடும் எலக்ட்ரானின் இடம் மாறும். எலக்ட்ரான் தாவ வேண்டிய தூரம் மாறும், அதற்குத் துணைபோகும் ஃபோனானும் மாறும். டி முகடு 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 50 செ.மீ⁻¹ நகரும், 2டி அதைப்போல இரு மடங்கு. 532-இலிருந்து 633 நானோமீட்டருக்குப் போனால் ஆற்றல் 0.37 எலக்ட்ரான் வோல்ட் குறைகிறது. ஆகவே டி 18 அல்லது 19, 2டி 37 செ.மீ⁻¹ அளவுக்குக் கீழிறங்க வேண்டும். இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கருவி மேல் சந்தேகம் வந்தால் சிலிக்கான் முகட்டைப் பாருங்கள். அது எந்த லேசரிலும் 520.7 செ.மீ⁻¹-இலேயே நிற்கும். கிராஃபீனின் ஜி-யும் லேசரை மாற்றியதற்காக நகராது. இவை நகர்ந்திருந்தால்தான் கருவியைச் சரிபார்க்க வேண்டும். டி, 2டி நகர்வது பிழையே அல்ல. பல லேசர்களில் அளந்தால் எலக்ட்ரானின் ஆற்றல் உந்தத்தோடு எப்படி ஏறுகிறது, ஃபோனானுடையது எப்படி ஏறுகிறது என்று இரண்டையும் பற்றி ஒரே அளவீட்டில் தெரிந்துகொள்ளலாம்.

என்னிடம் இருப்பது ஓர் அடுக்கா, இரண்டா? எப்படிச் சொல்வது?

முதலில் கண்ணால். சிலிக்கான் மேல் 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த தகட்டில், நுண்ணோக்கியில் பின்னணி ஊதா நிறமாகத் தெரியும். அதன் மேல் தடித்த கிராஃபைட் துண்டுகள் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருக்கும், அவை வேண்டாம். அவற்றின் ஓரங்களில், மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி லேசாக மங்கினாற்போல ஒரு நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரே ஓர் அணு தடிமனுள்ள அடுக்கு தன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆக்சைடின் குறுக்கீட்டு விளைவும் சேர்ந்துதான் கண்ணுக்கு எட்டுகிறது. 2004-இல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்ததும் இப்படிப்பட்ட தகட்டில்தான் கண்ணுக்குப் பட்டது.

அடுத்து 2டி முகட்டின் உருவம். ஓர் அடுக்கென்றால் ஒரே கூர்மையான, சமச்சீரான முகடு, அரை உயர அகலம் 25 முதல் 30 செ.மீ⁻¹, ஜி-யை விடப் பல மடங்கு உயரம். முறையாக அடுக்கப்பட்ட இரண்டு அடுக்கென்றால் எலக்ட்ரான் பட்டைகள் (எலக்ட்ரானுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்களின் வரிசை) இரண்டாகப் பிரிந்துவிடுவதால் நான்கு விதமான தாவல்கள் சாத்தியம். முகடும் நான்கு கூறுகள் சேர்ந்து அகன்று, தோள் வைத்தது போல இருக்கும். ஃபெராரியும் உடன் பணிபுரிந்தவர்களும் 2006-இல் இதைக் காட்டிய பிறகு இது உலகம் முழுக்க வழக்கமான சோதனை ஆகிவிட்டது. உயர விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள், உருவத்தைப் பாருங்கள். எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினாலே விகிதம் மாறிவிடும், ஏன் என்று பின்னால் வருகிறது.

ஒரு பொறியும் உண்டு. அடுக்குகள் தாறுமாறாகத் திருகி உட்கார்ந்திருந்தால், பல அடுக்கு இருந்தாலும் 2டி ஒரே முகடாகவே வரும். வேதி ஆவிப் படிவு முறையில் வளர்த்த மாதிரிகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றா நான்கா என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால்?

2டி அங்கே உதவாது; ஐந்து அடுக்கைத் தாண்டினால் கிராஃபைட்டைப் போலவே தெரியத் தொடங்கும். முதல் பதிலில் சொன்ன சறுக்கு ஆட்டத்தைத் தேடுங்கள். கிராஃபைட்டில் அது 43 அல்லது 44 செ.மீ⁻¹, மூன்று அடுக்கில் சுமார் 38, இரண்டு அடுக்கில் சுமார் 31. ஓர் அடுக்கில் அது இல்லவே இல்லை, சறுக்குவதற்கு இன்னோர் அடுக்கு வேண்டுமே. நடுவில் மாட்டிய அடுக்கை இரு பக்கமும் பிடித்திழுக்கிறார்கள், ஓரத்து அடுக்கை ஒரு பக்கம் மட்டும். அடுக்கு கூடக் கூட அதிர்வெண் ஏறுவது அதனால்தான். அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்பு எவ்வளவு என்பதையும் இந்த எண்ணிலிருந்தே கணக்கிடலாம்.

சிரமம் என்னவென்றால், இது லேசர் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சாதாரண வடிகட்டிகள் 100 செ.மீ⁻¹-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடும். குறுகிய பட்டை வடிகட்டி உள்ள கருவியில்தான் பார்க்க முடியும். முகடும் பலவீனமானது, பொறுமையாகச் சேகரிக்க வேண்டும்.

டி-க்கும் ஜி-க்கும் உள்ள விகிதம் குறைந்தால் மாதிரி நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எப்போதும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. குறைபாடு சேரச் சேர விகிதம் முதலில் ஏறும். குறைபாடுகளுக்கு இடையே உள்ள சராசரித் தூரம் 3 முதல் 4 நானோமீட்டர் வரை நெருங்கும்போது உச்சம் தொடும். அதற்கு மேலும் சிதைத்தால் டி-யை உண்டாக்கும் ஆறு அணு வளையங்களே அழியத் தொடங்குவதால் விகிதம் இறங்கும். ஆகவே ஒரே விகிதத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை அகலம்தான் சொல்லும். முகடுகள் கூர்மையாக இருந்தால் நல்ல பக்கம். ஜி-யும் டி-யும் அகன்று ஒன்றோடொன்று கலந்து, 2டி தட்டையாகிவிட்டால் சிதைந்த பக்கம்.

இந்த விகிதம் லேசர் நிறத்தையும் பொறுத்தது. சிவப்பில் அளந்ததைப் பச்சையில் அளந்ததோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. அப்புறம், துண்டின் ஓரத்தில் லேசரை வைத்தாலும் டி வரும், ஓரமும் ஒழுங்கு முறியும் இடம்தான். நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

இதெல்லாம் அணுக்களின் அதிர்வு. எலக்ட்ரான்–ஃபோனான் இடைவினையை இதில் எங்கே பார்ப்பது?

ஜி முகட்டின் அகலத்தில். இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முகட்டின் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள்.

கிராஃபீனில் நிரம்பிய பட்டையும் காலிப் பட்டையும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன, நடுவில் இடைவெளி கிடையாது. அதனால் ஜி ஃபோனான் தன்னிடம் உள்ள 0.2 எலக்ட்ரான் வோல்ட்டையும் கொடுத்து, ஓர் எலக்ட்ரானைக் கீழிருந்து மேலே ஏற்றிவிட்டுத் தான் மறைந்துபோக முடியும். சிலிக்கானில் இது நடக்காது; அங்கே இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட், ஃபோனானால் அதைத் தாண்டவைக்க முடியாது. சீக்கிரம் மறையும் எதுவும் நிறமாலையில் அகலமாகத் தெரியும். தூய்மையான, மின்னேற்றமில்லாத கிராஃபீனில் ஜி-யின் அகலம் 15 செ.மீ⁻¹ அளவில் இருக்கும். அதில் 11 அல்லது 12 இந்த எலக்ட்ரான் வழியால் மட்டுமே வருவது. ஃபோனான் அரை பிகோநொடிகூட நிற்பதில்லை. இந்த அகலத்தை அளந்தாலே எலக்ட்ரானும் ஜி ஃபோனானும் எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கின்றன என்ற எண் கையில் கிடைத்துவிடும்.

கேட் மின்னழுத்தம் கொடுத்தேன். எலக்ட்ரானைச் சேர்த்தாலும் ஜி மேலே போகிறது, எடுத்தாலும் மேலே போகிறது. இது எப்படி?

கேட் என்பது மின்னழுத்தத்தால் கிராஃபீனில் எலக்ட்ரானைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் மின்முனை. நானும் முதலில் பார்த்தபோது இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேனோ என்று கம்பிகளைச் சரிபார்த்தேன். இணைப்பில் தவறு ஒன்றும் இல்லை. போன பதிலில் சொன்ன எலக்ட்ரான் வழி ஃபோனானை அகலமாக்குவதோடு நிற்பதில்லை, அதன் அதிர்வெண்ணையும் இழுத்துக் கீழே வைத்திருக்கிறது. எலக்ட்ரான்கள் அணுக்களின் ஆட்டத்தைப் பின்தொடர்ந்து விறைப்பைக் குறைக்கின்றன. உலோகங்களில் இப்படிச் சில உந்தங்களில் ஃபோனான் மென்மையாகும் என்று வால்டர் கோன் 1959-இல் சொன்னார். கிராஃபைட்டில் இது ஜி உள்ள மையத்திலும் கே மூலையிலும் நடக்கிறது என்று பிஸ்கானெக்கும் குழுவினரும் 2004-இல் காட்டினார்கள்.

இப்போது எலக்ட்ரானைச் சேர்க்கிறீர்கள். மேலே உள்ள இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உயரமான ஃபெர்மி மட்டம் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும், அதாவது ஃபோனான் ஆற்றலில் பாதியைத் தாண்டியதும், ஃபோனான் ஏற்றிவிட நினைக்கும் எலக்ட்ரானுக்கு இடமே இருக்காது. எலக்ட்ரானை எடுத்தாலோ, கீழே ஏற்றுவதற்கு ஆளே இருக்காது. இரண்டு பக்கமும் வழி அடைபடுகிறது. ஃபோனான் அதிக நேரம் வாழ்கிறது, முகடு பாதிக்கும் கீழாகக் குறுகுகிறது, பின்னிழுக்கும் கை விலகுவதால் மேலே ஏறுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70,000 கோடி கூடுதல் எலக்ட்ரான்கள் இருந்தால் இந்த எல்லை வந்துவிடும், பெரிய எண்ணிக்கை இல்லை. 2007-இல் பிசானாவும் உடன் இருந்தவர்களும் இதை அளந்து, எலக்ட்ரான்கள் அணுக்களின் ஆட்டத்தோடு உடனுக்குடன் ஒத்துப்போய்விடும் என்ற வழக்கமான அனுமானம் கிராஃபீனில் செல்லாது என்று காட்டினார்கள்.

சேர்த்தீர்களா எடுத்தீர்களா என்று ஜி-யை வைத்துச் சொல்ல முடியாது என்றாலும் 2டி-யை வைத்துச் சொல்லலாம். எலக்ட்ரானை எடுத்தால் 2டி மேலே போகும். நிறையச் சேர்த்தால் கீழே இறங்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. கே. சூத் குழுவினர் 2008-இல் மின்பகுளி கேட் வைத்து இதை அளந்தார்கள்.

கேட் எதுவும் போடவில்லை, ஆனாலும் ஜி 1587-இல் இருக்கிறது. டோப்பிங்கா, இழுவிசையா?

டோப்பிங் என்றால் எலக்ட்ரான் கூடியோ குறைந்தோ இருப்பது. ஜி-யின் இடத்தை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் கிடையாது. காற்றிலிருந்தும் ஆக்சைடிலிருந்தும் வந்த மின்னேற்றமாக இருக்கலாம், அடுக்கு சுருங்கி அழுத்தப்பட்டிருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஜி-யோடு 2டி-யையும் எடுத்துப் பல புள்ளிகளில் அளந்து, ஜி-யைக் கிடை அச்சிலும் 2டி-யை நிலை அச்சிலும் போடுங்கள். புள்ளிகள் 2.2 என்ற சாய்வில் வரிசைகட்டினால் அது திரிபு, அதாவது அடுக்கு இழுபட்டோ அழுத்தப்பட்டோ இருப்பது. 0.7 என்ற சாய்வில் வந்தால் துளை டோப்பிங், அதாவது எலக்ட்ரான் குறைந்திருப்பது. நடுவில் சிதறினால் இரண்டும் கலந்திருக்கிறது, கோட்டுக் கணக்கால் பிரித்துவிடலாம்.

அகலத்தையும் பாருங்கள். 1587-இல் இருந்து அகலம் 7 அல்லது 8 ஆகக் குறுகியிருந்தால் டோப்பிங் உறுதி, காரணம் போன பதிலிலேயே இருக்கிறது. 1587-இல் இருந்தும் அகலம் 14 என்றால் திரிபைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் நன்றாக இழுத்தால் ஜி இரண்டாகப் பிரியும், அதைத் தவறவிட மாட்டீர்கள்.

லேசர் சக்தியைக் கூட்டினால் சமிக்ஞை நன்றாக வருகிறதே, கூட்டலாமா?

மாதிரியின் மேல் விழும் சக்தி 1 மில்லிவாட்டுக்குக் கீழே இருக்கட்டும். புள்ளியின் அகலம் ஒரு மைக்ரோமீட்டர்தான், அவ்வளவு சிறிய இடத்தில் சூடு ஏறிவிடும். கிராஃபீனின் ஜி ஒரு கெல்வினுக்கு 0.016 செ.மீ⁻¹ இறங்கும். 200 கெல்வின் சூடாகிவிட்டால் 3 செ.மீ⁻¹-க்கு மேல் போய்விடும். டோப்பிங்கையும் திரிபையும் பற்றி எடுக்கும் முடிவைத் தலைகீழாக்க இது போதும்.

பள்ளத்தின் மேல் தொங்கவிட்ட ஒரு துண்டை அளந்தபோது, வரைபடத்தின் நடுப்பகுதி முழுக்க ஜி இறங்கியிருந்தது. இழுவிசை என்று எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து சக்தியைப் பாதியாக்கி எடுத்தபோது இறக்கமும் பாதியானது. தொங்கும் இடத்தில் சூடு வெளியேற அடியில் தகடு இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று சக்திகளில் ஒரே புள்ளியை எடுத்து, முகடு நிற்கிறதா என்று பார்த்த பிறகே வரைபடம் தொடங்குகிறேன். இதே இறக்கத்தை வேண்டுமென்றே பயன்படுத்தித்தான் 2008-இல் பாலண்டினின் குழு தொங்கும் கிராஃபீனின் வெப்பக்கடத்தலை அளந்தது.

ஜி-யில் எலக்ட்ரானுக்கு இவ்வளவு பங்கு என்றால், அது அணுவின் அதிர்வுதான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

அணுவின் எடையை மாற்றிப் பாருங்கள். கார்பன்-12-க்குப் பதில் கார்பன்-13 வைத்து கிராஃபீன் வளர்த்தால், வேதியியலும் எலக்ட்ரான் பட்டைகளும் அப்படியே இருக்கும், எடை மட்டும் கூடும். சுருள்வில்லில் கட்டிய எடையின் கணக்குப்படி அதிர்வெண் 12/13-இன் வர்க்கமூலம் மடங்காகக் குறைய வேண்டும். 1580 என்பது 1520-க்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும், அளந்தால் அப்படியே இறங்குகிறது. இதை ஓர் உத்தியாகவும் பயன்படுத்தலாம். மேல் அடுக்கு கார்பன்-12, கீழ் அடுக்கு கார்பன்-13 என்று அடுக்கினால் இரண்டு ஜி முகடுகள் தனித்தனியே தெரியும். மின்னேற்றம் எந்த அடுக்கில் ஏறியது என்று தனித்தனியாகப் படிக்கலாம்.

ராமன் மட்டும் போதுமா? நியூட்ரான், எக்ஸ்-கதிர் எல்லாம் எதற்கு?

ஒளிக்கு உந்தம் குறைவு என்று பார்த்தோம். ராமன் சில குறிப்பிட்ட உந்தங்களை மட்டுமே காட்டும். மையத்திலிருந்து ஓரம் வரை ஃபோனானின் ஆற்றல் எப்படி மாறுகிறது என்ற முழுக்கோடு வேண்டுமென்றால் உந்தம் அதிகமுள்ள துகளால் தட்ட வேண்டும். நியூட்ரான் பொருத்தமானதுதான், ஆனால் பெரிய ஒற்றைப்படிகம் கேட்கும். கிராஃபைட்டில் அது கிடைப்பது அரிது. சின்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி தரும் எக்ஸ்-கதிருக்குச் சிறிய படிகமே போதும், 2004-இல் கிராஃபைட்டின் மேல் கிளைகள் அப்படித்தான் அளக்கப்பட்டன. கே மூலையில் வரும் அந்த மென்மையாதல் அதில் கூர்மையான பள்ளமாகத் தெரியும்.

எலக்ட்ரான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஒளியுமிழ் நிறமாலை இருக்கிறது. ஒளியை அடித்து எலக்ட்ரானை வெளியே எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று அளப்பது. நேராக வர வேண்டிய பட்டை, ஃபெர்மி மட்டத்துக்கு 0.2 எலக்ட்ரான் வோல்ட் கீழே சற்று வளைந்திருக்கும். மூன்றாம் பதிலில் சொன்ன அதே 0.2. அங்கே எலக்ட்ரான் ஃபோனானோடு மோதுகிறது.

எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள இடைவினையை ராமனில் பார்க்க முடியுமா? அதுதான் என் ஆய்வே.

முடியும், ஆனால் நேரடியாக ஒரு முகடாக வராது. முதல் வழி 2டி-யின் பரப்பு. ஒளி ஏற்றிவிட்ட எலக்ட்ரான் இரண்டு ஃபோனான்களை உண்டாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் வேறொரு எலக்ட்ரானோடு மோதினால் அந்தப் பயணம் வீணாகிறது. மின்னேற்றம் கூடக் கூட மோதலும் கூடும், 2டி-யின் பரப்பு ஜி-யோடு ஒப்பிடக் குறையும். குறையும் வேகத்திலிருந்து மோதலின் வலுவைக் கணக்கிடலாம். அடுக்கு எண்ணும்போது விகிதத்தை நம்பாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

இரண்டாவது வழி காந்தப்புலம். புலத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் படிப்படியாகப் பிரியும். முதல் படியின் உயரம், புலத்தை டெஸ்லாவில் எடுத்தால், அதன் வர்க்கமூலத்தை 36-ஆல் பெருக்கியது, மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில். ஒரு தாவலின் ஆற்றல் ஜி ஃபோனானின் 196-ஐத் தொடும்போது இரண்டும் கலந்து ஜி விலகும், அகலும். 5 டெஸ்லா அருகே ஒரு தாவல், 30 டெஸ்லாவை ஒட்டி இன்னொன்று. சரியாக எந்தப் புலத்தில் நடக்கிறது என்பதிலிருந்து எலக்ட்ரானின் வேகம் கிடைக்கும். சாதாரணமாக அது நொடிக்கு 10 லட்சம் மீட்டர். தொங்கும் தூய கிராஃபீனில், மின்னேற்றம் மிகக் குறைந்த நிலையில், மின்கடத்தல் அளவீடுகள் வழியாக 2011-இல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம் கண்டார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் மட்டுமே வரும் மாற்றம் அது.

இரண்டு இடைவினைகளையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கே மூலை ஃபோனானோடு எலக்ட்ரானின் பிணைப்பு, எலக்ட்ரான்–எலக்ட்ரான் விளைவைச் சேர்க்காத வழக்கமான கணக்கீடு சொல்வதைவிட வலுவானது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் டி, 2டி நகரும் வேகம் அளவீட்டோடு ஒத்துப்போகிறது.

இந்தப் பிணைப்பால் மீக்கடத்தல் வருமா?

மீக்கடத்தல், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவது, கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே கால்சியத்தை நுழைத்தால் வருகிறது. ஆறு கார்பனுக்கு ஒரு கால்சியம் உள்ள சேர்மம் 11.5 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2005-இல் கண்டார்கள். அங்கே ஃபோனானே எலக்ட்ரான்களை இணைக்கிறது. 1.1 பாகை திருகிய இரண்டு அடுக்கு கிராஃபீனில் 2018-இல் 1.7 கெல்வினில் மீக்கடத்தல் வந்தது. அங்கே காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2024-இல் ஒளியுமிழ் நிறமாலையில் அந்தத் திருகிய அடுக்கின் தட்டைப் பட்டைக்கு 150 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் நகல்கள் தெரிந்தன. கே மூலை ஃபோனானின் ஆற்றல் அந்த அளவுதான். ஃபோனானை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது என்பது வரை உறுதி.

என் நிறமாலையை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

தாராளமாக. படமாக அனுப்ப வேண்டாம், எண்களாக அனுப்புங்கள். கூடவே லேசரின் அலைநீளம், மாதிரியின் மேல் விழுந்த சக்தி, பொருள்வில்லை, கீற்றணி, சேகரித்த நேரம், அன்றைக்கு சிலிக்கான் முகடு எங்கே இருந்தது, கருவியே சேர்க்கும் அகலம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கருவியின் அகலம் 5 செ.மீ⁻¹ என்றால் ஜி 6-ஆ 8-ஆ என்று பேசுவதில் பொருளில்லை. பின்னணியைக் கழித்திருந்தால் கழிக்காததையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே புள்ளி போதாது, குறைந்தது பத்து இடங்களில் எடுத்தது வேண்டும், அதில் ஒன்றாவது சக்தியைப் பாதியாக்கி எடுத்ததாக இருக்கட்டும்.